'ஏன் இந்தப் படிப்பு?' என்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: பார்மசி கல்லூரியில் சேர அடுத்த மாதம் இன்டர்வியூ. வழக்கமான கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் 'ஏன் பார்மசி?' என்றால் 'மக்களுக்குச் சேவை செய்ய' என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. வேதியியலில் ஒரு தாள் போய், மறுபடி எழுதித்தான் பாஸ் செய்தேன், அதைக் கேட்பார்களோ என்று பயம். மருத்துவமனை மருந்தகத்தில் தன்னார்வலராக இருந்தபோது, ஒரு பெரியவர் இரண்டு டாக்டர்கள் எழுதிய ஒரே பாராசிட்டமாலை இரண்டு பிராண்ட் பெயரில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இதையெல்லாம் அங்கே சொல்லலாமா?

பதில்: 'சொல்லலாமா'வா? அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லப் போகிறீர்கள்! சேவை என்று எல்லோரும்தான் சொல்வார்கள். நர்ஸாகப் போனாலும் சேவைதானே என்று திருப்பிக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பெரியவரை வைத்துப் பேசினால் அந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் இரண்டு சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்து 'ஐயா, இது இரண்டும் ஒன்றுதான், அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆபத்து' என்று தடுக்கிற இடத்தில் இருப்பவர் பார்மசிஸ்ட்தான். ஆனால் கதையோடு நிறுத்தாதீர்கள். அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று அடுத்து கேட்பார்கள். பொறுப்பிலிருந்த பார்மசிஸ்டைக் கூப்பிட்டேன் என்பதுதான் உண்மையென்றால் அதுவே போதும், நீங்களே கவுன்ட்டரில் நின்று அறிவுரை சொன்னதாக அளக்க வேண்டாம். தன் எல்லை தெரிந்த ஆளைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும்.

அந்த வேதியியல் தாள்? கேட்டால் மூன்று நாலு வாக்கியம் போதும்: ஏன் போனது, என்ன மாற்றினீர்கள், அடுத்து எவ்வளவு வாங்கினீர்கள். வாத்தியாரைக் குறை சொல்லாதீர்கள், அது எங்கேயும் எடுபடாது. கேட்காவிட்டால் நீங்களாக எடுக்கவும் வேண்டாம்.

மனப்பாடத்தை இன்றே விடுங்கள். ஒப்பிக்கிறவரின் கண் எங்கோ சுவரில் போய் நிற்கும், நடுவில் ஒரு கேள்வி குறுக்கிட்டால் மீண்டும் முதல் வரிக்கே ஓடுவார். பதிலாக நிஜமாக நடந்த நாலைந்து சம்பவங்களைக் கையில் வைத்திருங்கள், எந்தக் கேள்விக்கு எது பொருந்தும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். சில இடங்களில் கேள்வி கேட்பவரிடம் உங்கள் விண்ணப்பத்தையே காட்ட மாட்டார்கள். அப்போது 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதை ஒப்புக்குக் கேட்பதாக நினைத்துவிடாதீர்கள், அவருக்கு நிஜமாகவே தெரியாது.

இன்னொன்று, இன்டர்வியூ எந்த வடிவில் நடக்கும் என்று முன்பே விசாரியுங்கள். எம்எம்ஐ, அதாவது 'மல்டிபிள் மினி இன்டர்வியூ' (வரிசையாகப் பல குட்டி இன்டர்வியூக்கள்) என்று ஒரு முறை உண்டு, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் சேர்க்கைக்காக உருவாக்கி 2004-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள், இப்போது பார்மசிக்கும் பயன்படுத்துகிறார்கள். ஓரிரு நிமிடம் ஒரு சூழலைப் படித்துவிட்டு உள்ளே போய் சில நிமிடம் பேச வேண்டும், அப்புறம் அடுத்த அறை, அடுத்த ஆள். ஒரு அறையில் சொதப்பினாலும் அடுத்தவருக்கு அது தெரியாது, எனவே அங்கேயே விட்டுவிட்டு நகருங்கள். இந்த மாதிரிக் கேள்விகளில் ஒரு பக்கம் சாய்வதற்கு முன் எதிர்ப்பக்கத்தையும் வாய்விட்டு யோசித்துக் காட்டுங்கள், மதிப்பெண் பெரும்பாலும் அந்த யோசனைக்குத்தான்.

உடை சுத்தமாக, உறுத்தாமல் இருந்தால் சரி. வரவேற்பில் இருப்பவரிடம் காட்டும் மரியாதையும் உள்ளே போய்ச் சேரலாம். கடைசியில் 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள், 'இல்லை சார்' என்று எழுந்துவிடாமல், நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி எந்த ஆண்டில் தொடங்குகிறது, தடுமாறுகிற மாணவருக்கு என்ன உதவி கிடைக்கும் என்று கேளுங்கள். சில வருடம் அங்கேதானே இருக்கப் போகிறீர்கள், உங்களுக்கும் தெரிய வேண்டாமா?