துருப்புடிச்ச புல்வெட்டியும் சில கேள்விகளும்

போன இதழ்ல கையால தள்ளுற பழைய ரீல் புல்வெட்டியை, அதான் பிளேடு மாட்டின உருளை (ரீல்) சக்கரத்தோட சேர்ந்து சுத்துமே, அதைப் பத்தி போறபோக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், இத்தனை பேர் வீட்டு ஷெட்லயும் இது ஒண்ணு தூங்கிட்டு இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. வந்த கேள்வில சிலதுக்கு இந்தத் தடவை பதில்.

சார், எங்க பெரியப்பா வச்சிருந்த புல்வெட்டி என்கிட்ட வந்திருக்கு. ரீல் நல்லா சுத்துது, ஆனா புல்லை வெட்டாம மடக்கி விட்டுட்டுப் போகுது. சாணை பிடிச்சுப் பார்த்தேன், தொட்டா ரத்தம் வர்ற அளவுக்கு கூர்மை, அப்பவும் அதே கதைதான். தூக்கிப் போட்டுடலாமா?

போட்டுடாதீங்க. ஆனா முதல்ல சாணைக்குப் போனீங்க பாருங்க, அங்கதான் எல்லாரும் தப்பு பண்றோம். இது கத்தி இல்ல சார், கத்திரிக்கோல். சுத்துற ரீல்ல இருக்கிற பிளேடு ஒரு கை, கீழ அசையாம நிக்குதே ஒரு தட்டையான பிளேடு அது இன்னொரு கை. ரெண்டும் உரசியும் உரசாம கடந்து போனாத்தான் நடுவுல மாட்டின புல்லு அறுபடும். இதைக் கண்டுபிடிச்ச எட்வின் பியர்ட் பட்டிங், இங்கிலாந்துல ஸ்ட்ரவுட் பக்கத்து ஆளு, 1830-ல பேடண்ட் வாங்கினார். கம்பளித் துணி மேல துருத்திக்கிட்டு நிக்கிற பிசிறை சீவி எடுக்க மில்லுல ஒரு மெஷின் இருந்துச்சு, அதைப் பார்த்துத்தான் புல்லுக்கும் இதையே பண்ணா என்னன்னு யோசிச்சிருக்கார். துணிக்கு வேணும்ங்கிற அளவு நெருக்கம் புல்லுக்கும் வேணும்னு வச்சுக்கங்க.

அதனால முதல் வேலை பேப்பர் டெஸ்ட். பழைய நியூஸ்பேப்பரை ரெண்டு விரல் அகலத்துக்கு நீளமா கிழிச்சு, நுனியை அடி பிளேடு மேல வச்சு, கையை நல்லா தள்ளி வச்சுக்கிட்டு, ஒரு குச்சியால ரீலை மெதுவா சுத்துங்க. சுத்தமா நறுக்குனா சரி, மடிஞ்சு உள்ள போனா இடைவெளி இருக்கு. ஒவ்வொரு பிளேடுக்கும் இடது ஓரம், நடு, வலது ஓரம்னு மூணு இடத்துல பாருங்க. எல்லாத்துலயும் மடியுதுன்னா சந்தோஷப்படுங்க, வெறும் ஸ்குரூ வேலைதான். ரெண்டு பக்கமும் அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்குரூ இருக்கும், சில மெஷின்ல அடி பிளேடு நகரும், சிலதுல ரீலே நகரும். பெரும்பாலும் ஒண்ணைத் தளர்த்திட்டுத்தான் இன்னொண்ணை முடுக்கணும். அரைக்கால் சுத்துக்கு மேல ஒரே நேரத்துல போகாதீங்க, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்னு மாத்தி மாத்தி. கிறீச்னு கத்துச்சுன்னா, தள்ளவே கனமா இருந்துச்சுன்னா ஓவர் டைட்.

ஒரு பிளேடு வெட்டுது அடுத்தது வெட்டலைன்னா விஷயம் வேற. கிரைண்டரை கையில புடிச்சு ஒவ்வொரு பிளேடா தீட்டியிருந்தா ஒண்ணு அதிகமா தேஞ்சிருக்கும், ஒண்ணு கம்மியா. ரீல் முழு உருளையா இருக்கணும், அது போயிடுச்சுன்னா ஸ்குரூவை எவ்ளோ திருகினாலும் பிரயோஜனம் இல்ல. ரீலைச் சுத்தவிட்டே எல்லா பிளேடையும் ஒரே மட்டத்துக்கு அரைக்கிற ஆள்கிட்டதான் கொடுக்கணும். உங்களுக்கு இதுதான் ஆகியிருக்குமோன்னு பயமா இருக்கு. பேப்பரை வச்சுப் பாருங்க, அதே சொல்லிடும்.

பேஸ்ட் போட்டு ரீலை ரிவர்ஸ்ல சுத்தினா கூர்மையாகும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான், ஆனா மழுங்கின முனைக்குத்தான், கல்லுல அடிபட்டு பள்ளம் விழுந்த பிளேடுக்கு இல்ல. இஞ்சின் வால்வு தேய்க்கிற கிரைண்டிங் பேஸ்ட் இருக்குல்ல, அதுல கொரகொரப்பா இருக்கிறதை பழைய பிரஷ்ஷால பிளேடு முனையில தடவி, ஒரு பக்கத்துச் சக்கரத்தையும் அதுக்குள்ள இருக்கிற சின்ன பல்சக்கரத்தையும் கழட்டிட்டு, அந்த ஷாஃப்ட்ல ஒரு கைப்பிடியை மாட்டி, புல்லு வெட்டுற திசைக்கு நேர் எதிரா சுத்தணும். நேர் திசையில சுத்தினா இருக்கிற முனையும் போயிடும். சரசரன்னு ஒரே மாதிரி சத்தம் வரும், சத்தம் குறையக் குறைய ஸ்குரூவை ஒரு துளி முடுக்கி பேஸ்ட்டை மறுபடி தடவுங்க. பிளேடு முனை நெடுக விட்டுப்போகாம ஒரு சாம்பல் கோடு தெரிஞ்சா நிறுத்திக்கலாம். அப்புறம் பேஸ்ட்டை ஒரு பொட்டு விடாம கழுவணும், பேரிங்குக்குள்ள போச்சுன்னா அதையும் சேர்த்து தேய்ச்சுப்புடும். கழுவி முடிச்சு மறுபடி பேப்பர் டெஸ்ட்.

எல்லாத்தையும் கழட்டி துடைச்சு பெயிண்ட் அடிச்சு மாட்டினேன். இப்போ சக்கரம் உருளுது, ரீல் சுத்தவே இல்ல. பின்னாடி இழுத்தா மட்டும் சுத்துது. என்ன சார் மாயம் இது?

மாயமெல்லாம் இல்ல, இடதை வலதுல மாட்டிட்டீங்க. நானும் இதே கூத்தை அடிச்சவன்தான், ஒரு ராத்திரி முழுக்க மெஷினைத் திட்டிட்டு காலையில பார்த்தா தப்பு என் மேல. சக்கரத்துக்குள்ள இருக்கிற சின்ன பல்சக்கரத்துல ஒரு இரும்புத்துண்டு இருக்கும், முன்னாடி தள்ளும்போது ஷாஃப்ட்டைக் கவ்வும், பின்னாடி இழுக்கும்போது டிக்டிக்னு வழுக்கிட்டுப் போகும். ரெண்டு பக்கத்தையும் மாத்திப் போட்டா வேலையும் தலைகீழாயிடும். கழட்டும்போதே இடது, வலதுன்னு தனித்தனி டப்பால போட்டு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. அந்தத் துண்டு சின்னது, கழட்டுற நேரம் புல்லுக்குள்ள விழுந்தா தேடி மாளாது, கீழ ஒரு துணியை விரிச்சுக்கறது நல்லது. இன்னொண்ணு, பாசத்துல அங்க கெட்டி கிரீஸை அப்பிடாதீங்க, துண்டு ஒட்டிக்கிட்டு கவ்வாது. மெல்லிசான ஆயில் ரெண்டு சொட்டு போதும்.

துருவை எப்படி எடுக்கிறது? பழைய பெயிண்டை சுரண்டிடலாமா?

கழட்டின இரும்பு பாகங்களை வினிகர்ல ஒரு ராத்திரி ஊறப் போட்டு கம்பி பிரஷ்ஷால தேய்ச்சா போயிடும். வெளிய எடுத்த உடனே சமையல் சோடா கலந்த தண்ணில அலசி, அப்பவே காயவச்சு ஆயில் தடவிடணும், டீ குடிச்சுட்டு வரேன்னு போனீங்கன்னா திரும்ப வர்றதுக்குள்ள புதுத் துரு வந்து உக்காந்திருக்கும். அலுமினியம், நாகமுலாம் பூசினது எதையும் அதுல போடாதீங்க. பெயிண்ட் விஷயத்துல மட்டும் விளையாட்டு வேணாம். பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், காய்ஞ்ச நிலையில உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா அந்தத் தூசி நேரா நெஞ்சுக்குத்தான் போகும். ஈரமாவே தேய்ங்க, தூசிக்குன்னே வர்ற நல்ல மாஸ்க் போடுங்க, குழந்தைங்க பக்கத்துல வேணாம். என்னைக் கேட்டா பாதி பெயிண்ட் நல்லா இருந்தா அப்படியே விட்டுடுங்க, பளபளன்னு புதுசாக்கினா அது யாரோட மெஷின்னே தெரியாது. மரக் கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் போதும், ஆனா துடைச்ச துணியை சுருட்டி மூலையில போட்டா தானாவே சூடாகி தீப்பிடிக்கும். விரிச்சுப் போட்டு காயவைங்க.

முழங்கால் உயரப் புல்லை இது வெட்டுமா?

வெட்டாது. உயரமான தண்டை ரீல் முன்னாடி சாய்ச்சு விட்டுடும், நீங்க போனப்புறம் அது எழுந்து நின்னு சிரிக்கும். முதல்ல அரிவாளால இறக்கிட்டு அப்புறம் இதை எடுங்க. அதுக்கப்புறம் அடிக்கடி, ஒரு தடவைக்கு புல்லோட உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காம தள்ளுங்க. ஈரப் புல்லுல சக்கரம் வழுக்கும், சக்கரம் வழுக்கினா ரீலும் நின்னுடும். குச்சி மாட்டிக்கிட்டா கையை விட்டு எடுக்கவே கூடாது, மோட்டார் இல்லையேன்னு அசால்ட்டா இருப்போம், இறுகி நிக்கிற ரீல் குச்சி வெளிய வந்ததும் சட்டுனு ஒரு சுத்து சுத்தும், விரல் போயிடும். இன்னொரு குச்சியால தள்ளி எடுங்க.

பழசு ஒண்ணு விலைக்கு வருது. எதைப் பார்த்து வாங்கணும்?

துருவைப் பார்த்து பயப்படாதீங்க, பெயிண்டைப் பார்த்து மயங்காதீங்க. ரெண்டு பக்கத்து வார்ப்பிரும்பு சட்டத்துல விரிசல் இருக்கான்னு பாருங்க, துணி சுத்தி ரீலைப் புடிச்சு ஆட்டிப் பாருங்க, ரொம்ப ஆடினா பேரிங் தேஞ்சிருக்கலாம். சக்கரத்தைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க, பல்லெல்லாம் மழுங்கியிருந்தா, இல்ல அடி பிளேடுல தேய்க்க இரும்பே மிச்சம் இல்லைன்னா, சும்மா கொடுத்தாலும் வேணாம்.