கல் படிச்சா சோறு கிடைக்குமா? கல்லடித் தங்கச்சிக்குப் பதில்

மட்டக்களப்பு கல்லடித் தங்கச்சி, கணிதப் பிரிவில் உயர்தரம் முடித்துவிட்டு புவிச்சரிதவியல் (பாறை, மண், நிலத்தடி நீர் பற்றிய படிப்பு) படிக்க ஆசை, ஆனால் வீட்டில் "கல் படிச்சு என்ன செய்யப்போறாய், ரீச்சராகு" என்கிறார்கள் என்று கேட்டிருந்தீங்க.

முதலில் படிப்பு. பேராதனை விஞ்ஞான பீடத்தில் இதற்கென்றே தனித் திணைக்களம் இருக்கு, மொறட்டுவையில் புவி வளப் பொறியியல் இருக்கு. கிழக்குப் பல்கலை இருக்கிற வந்தாறுமூலை உங்களுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் அதை விண்ணப்பத்தில் முதலில் போட்டுவிடாதீங்க.

வேலை என்றதும் எல்லாரும் சுரங்கத்தைத்தான் நினைக்கிறார்கள். உங்கள் கல்லடிக் கிணற்றையே எடுங்களேன். அந்த மணலுக்குள் மழை நீர் ஒரு மெல்லிய படையாக, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்குது. மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இழுத்தால் உப்பு மேலே ஏறிவிடும், 2004 சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை விடாமல் இறைத்தபோதும் இதே ஆபத்துத்தான். இதை அளந்து சொல்ல ஆள் வேணும். ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கரை அரிபட்டது, ஆற்று மணல் அகழ்வு எல்லாம் இந்தப் படிப்புக்குள் வருகிற விஷயந்தான். நீர்வளச் சபை, புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், மண்சரிவைப் பார்க்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை என்று இடங்கள் உண்டு, ஆனால் அரச வெற்றிடம் வரக் காத்திருக்க வேண்டிவரும், அதை மறைக்க மாட்டேன். அதனால் ஜிஐஎஸ், அதாவது கணினியில் வரைபடம் போட்டு இடத்தரவுகளை ஆராய்வது, கட்டாயம் பழகுங்க, அதற்கான க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், இன்றைக்கே இறக்கலாம்.

வெயிலில் களத்துக்குப் போகத் தயாரா என்பதை அம்மாவிடம் இல்லை, உங்களிடமே கேளுங்க. பல்கலை அனுமதிக்கு எடுக்கிற உங்கள் இசட் புள்ளியை எழுதிப் போடுங்க, எந்தப் படிப்பை முதலில் போடுவது என்ற விருப்ப ஒழுங்கைப் பார்த்துச் சொல்கிறேன்.