ஜெனரேட்டர் போட்டால் பட்டறை நஷ்டம் தீருமா?

கேள்வி: கோவை கணபதியில் ஜாப் ஒர்க் (கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பாகம் கடைந்து தரும்) பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும்) லேத், ஒரு வி.எம்.சி. (அதேபோல் ஓடும் மில்லிங் மெஷின்). ஒரு ஷிஃப்டுக்குள் ஐந்து தடவை கரண்ட் போய் வருகிறது. மொத்தமாகப் பார்த்தால் முக்கால் மணி நேரம்தான். மெஷின் ஒன்றுக்கு மணிக்கு 350 ரூபாய் ரேட். 62.5 கே.வி.ஏ. திறனுள்ள செகண்ட் ஹேண்ட் ஜெனரேட்டர் இருப்பதாகத் தரகர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தரகர் முக்கால் மணி நேரத்தைக் காட்டி விற்கப் பார்க்கிறார். உங்கள் பணம் அதைவிட அதிகமாகப் போவது கரண்ட் வந்த பிறகுதான்.

ஒவ்வொரு தடவை போய் வந்ததும் கம்ப்ரஸரில் காற்று ஏற வேண்டும், அலாரத்தை ரீசெட் செய்ய வேண்டும், பாதியில் நின்ற பீஸைக் கழற்றி அளக்க வேண்டும், ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) சூடேறி முதல் பீஸ் அளவுக்கு வர வேண்டும். இதற்குக் குறைந்தது 12 நிமிடம். ஐந்து தடவைக்கு ஒரு மணி நேரம். ஆக, இழப்பு 45 நிமிடம் இல்லை, 105 நிமிடம். மூன்று மெஷினுக்கு மணிக்கு 1,050 ரூபாய் என்றால் ஏறக்குறைய 1,840 ரூபாய். உடைந்த இன்சர்ட் (வெட்டும் முனை), கெட்ட பீஸ் என்று 200 சேர்த்தால் நாளுக்கு 2,000 ரூபாயைத் தாண்டும்.

ஜெனரேட்டர் இதில் எதை மீட்கும்? தானாக ஸ்டார்ட் செய்யும் ஆட்டோ பேனல் வைத்தாலும் லோடு எடுக்கப் பத்துப் பதினைந்து நொடி ஆகும். சி.என்.சி. டிரைவ் (மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பகுதி) ஒரு நொடிகூடத் தாங்காது. மெஷின் நின்றுதான் போகும், அந்த 12 நிமிடமும் போனதுதான். மிச்சமாவது 45 நிமிட உற்பத்தி, அதாவது 790 ரூபாய். அந்த நேரத்துக்கு உங்களுக்குச் சுமார் 15 யூனிட் வேண்டும். இந்த அளவு ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலில் மூன்று யூனிட்தான் தரும். லிட்டர் 92 ரூபாய் என்றாலே டீசல் செலவு 460. கையில் நிற்பது நாளுக்கு 330, மாதம் 25 நாள் என்றால் சுமார் 8,000 ரூபாய். ஆயில், பேட்டரி, சர்வீஸ், தவணை எல்லாம் அதற்குள் அடங்குமா என்று நீங்களே பாருங்கள்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் இங்கேதான் தவறுகிறார்கள். விட்ட வேலையைச் சாயங்காலம் இருந்து முடிக்க உங்களால் முடியும் என்றால் நஷ்டம் 2,000 இல்லை. மூன்று ஆட்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேர இரட்டைச் சம்பளமும் கெட்ட பீஸும்தான். மணிக்கு 80 ரூபாய் கூலி என்றால் இரட்டைச் சம்பளம் 840, எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். அடுத்த ஷிஃப்டும் மெஷின் ஓடுகிறது, ஆர்டர் காத்திருக்கிறது என்றால்தான் முழு 2,000-மும் நஷ்டம். காஸ்டிங்கை (வார்ப்பை) ஆர்டர் கொடுத்த கம்பெனியே தந்திருந்தால் கெட்ட பீஸுக்கு மெட்டீரியல் விலையையும் சேர்த்து டெபிட் நோட் (உங்கள் பில்லில் கழிக்கும் சீட்டு) வரும். விலை உயர்ந்த காஸ்டிங் என்றால் அந்த ஒரு பீஸே மற்ற எல்லா நஷ்டத்தையும் தாண்டிவிடும்.

ஆகவே ஐந்து தடவை ஏன் போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: போன நேரம், வந்த நேரம், மூன்று பேஸும் போனதா ஒன்று மட்டுமா, பக்கத்துப் பட்டறையிலும் போனதா, வோல்டேஜ் எவ்வளவு. பக்கத்தில் போகாமல் உங்களுக்கு மட்டும் போனால் கோளாறு பெரும்பாலும் உங்கள் பேனலில்தான்: தளர்ந்த நியூட்ரல், கருகிய லக் (ஒயர் முனைக் கவ்வி), ஒரே பேஸில் குவிந்த லோடு. சில நூறு ரூபாயில் தீரும். எல்லோருக்கும் போனால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-இல் ஒவ்வொரு தடவையும் புகார் எண் வாங்குங்கள். நோட்டின் நகலுடன் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் மனு கொடுத்து, கையெழுத்திட்ட ரசீது கேளுங்கள். நிலைக் கட்டணத்தைக் கரண்ட் இல்லாத நேரத்துக்கும் சேர்த்து வசூலிக்கிறார்கள். ஆனால் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் போய் வருவதை யாரும் தடங்கலாகவே மதிப்பதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்கு முன்னறிவிப்பு உண்டு. தொழிலை உறிஞ்சும் இந்தக் குட்டித் தடங்கல்களுக்கு நீங்கள் எழுதி வைப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.

அதன் பிறகும் தீரவில்லை என்றால், ஒரு பீஸுக்கு நீண்ட நேரம் ஓடும் வி.எம்.சி.க்கு மட்டும் த்ரீ பேஸ் ஆன்லைன் யு.பி.எஸ். (கரண்ட் போனால் இடைவெளியே இல்லாமல் பேட்டரியில் ஓட்டும் கருவி) போடுங்கள். கன்ட்ரோலருக்கு மட்டும் சின்ன யு.பி.எஸ். போதும் என்பவரை நம்பாதீர்கள். திரையில் வெளிச்சம் இருக்கும், மெஷினை நகர்த்தும் சர்வோ மோட்டார் நின்றுவிடும். ஸ்பிண்டில் பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பி வரும் டிரைவா என்று மெஷின் கம்பெனியிடம் கேட்டு, யு.பி.எஸ். விற்பவரிடம் எழுத்தில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யு.பி.எஸ்.ஸே ட்ரிப் ஆகும். கம்ப்ரஸரை யு.பி.எஸ்.ஸில் சேர்க்காதீர்கள். பெரிய காற்றுத் தொட்டி வைத்தால் சில நிமிடம் தாங்கும்.

தரகரின் ஜெனரேட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதுப் பெயின்ட், குறைந்த மணி காட்டும் மீட்டர், இரண்டையும் நம்ப வேண்டாம். மீட்டரை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பார்கள், முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக வேண்டும். முக்கால் லோடில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் எஞ்சின் தேய்ந்தது. எஞ்சினுக்குப் பொருந்தாத பெரிய ஆல்டர்னேட்டரை (மின்சாரம் உண்டாக்கும் பகுதி) மாட்டி, அதன் தகட்டைக் காட்டி 62.5 என்று விற்பதும் உண்டு. இரண்டின் எண்களையும் கம்பெனி டீலரிடம் சரிபாருங்கள்.

உங்களுக்கு 62.5-ம் தேவையில்லை. எல்லா மெஷினும் ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் ஒரு பேஸுக்கு 40 ஆம்பியர் வந்தால் 29 கே.வி.ஏ.தான், கம்ப்ரஸரை முதலில் ஸ்டார்ட் செய்தால் 40 கே.வி.ஏ. போதும். பெரிய ஜெனரேட்டரில் ஒரு மெஷினை மட்டும் ஓட்டினால் எஞ்சினில் கரி படியும். எதை வாங்கினாலும் நான்கு போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைப்பது) கட்டாயம். அது இல்லாமல் மின்சாரம் லைனுக்குத் திரும்பினால் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர் உயிர் போகும். பவர் ஃபேக்டர் கெபாசிட்டர்கள் ஜெனரேட்டர் ஓடும்போது தானாகக் கழன்றுகொள்ளும்படி கான்டாக்டர் வைக்கச் சொல்லுங்கள். அப்படியே விட்டால் வோல்டேஜ் எகிறி டிரைவ் கார்டு போகும்.