குண்டு போய் விழுந்த தூரம்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் நாலு பேர் சனிக்கிழமைதோறும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கிற ஆட்டம். ஆட்டத்தை நடத்துவது நான். இந்த முறை களம் நம் கடலூர். இடத்துக்கு இடம் மந்திர சக்தி கூடிக் குறைகிற மாதிரி வரைபடம் போடுகிறேன். திருவந்திபுரம் மலைக்கு எத்தனை புள்ளி, வடலூருக்கு எத்தனை? சிதம்பரம், காஞ்சி, காளஹஸ்தி ஒரே கோட்டில் இருக்கின்றனவே, அதைச் சக்தி ஓடும் கோடாக, 'லே லைன்' ஆக்கலாமா?

ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள தம்பி,

அந்த நேர்கோட்டை முதலில் அழியுங்கள். 1921ல் 'லே' என்று பெயர் வைத்த ஆல்ஃபிரட் வாட்கின்ஸ், அவை அந்தக் காலத்து நடைவழிகள் என்றுதான் சொன்னார். சக்தி ஓடுகிறது என்பது அறுபதுகளில் ஒட்டவைத்த கதை. வாட்ஸப்பில் வந்ததை நம்பி உலகம் படைக்கக் கிளம்பினால் எப்படி? புள்ளிக்கு, இதே மாதிரி ஆட்டமான கர்ப்ஸின் விதிநூலில், மானா என்கிற மந்திர சக்தி இல்லாத இடம் தொடங்கி ஐந்து படிகள் உண்டு. அதையே எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

உங்கள் படத்தில் சக்தி போர்வெல் தண்ணீர் மாதிரி மண்ணிலிருந்து தானாக வருகிறது. அதுதான் எனக்கு ஆகவில்லை. ஆர்ஸ் மேஜிகா ஆட்டத்தில், தேவாலயமும் ஜனங்களும் உள்ள ஊரில் அவர்களுடைய பக்தியே மந்திரவாதியின் கையைக் கட்டிப்போடும். அங்கேயாவது மனிதர்கள் கணக்கில் வருகிறார்கள்.

எட்டு வயதில் ஆயா என்னை வடலூர் தைப்பூசத்துக்குக் கூட்டிப்போனார். தருமசாலையில் வள்ளலார் 1867ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்றார். மாயத்தீ ஒன்றை எதிர்பார்த்து எட்டிப் பார்த்தேன். தலையில் ஈரத்துண்டோடு ஒருவர், புகையில் கண்ணீர் வழிய, கட்டையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"ராத்திரில?"

"யாராச்சும் முழிச்சிருப்பாங்கடா."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. அந்த ஏமாற்றம் தீர முப்பது வருடம் ஆனது.

தேவனாம்பட்டினம் உங்கள் படத்திலேயே இல்லை! 1690ல் மராட்டியரிடம் அங்கிருந்த கோட்டையை வாங்கிய வெள்ளைக்காரன், பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊர்களையும் சேர்த்துத்தான் வாங்கினான். குண்டு உப்பலவாடி என்று இன்றும் பஸ் ஏறுகிறோமே, அந்தக் குண்டுதான். சுட்டவன் கை கொஞ்சம் தாழ்ந்திருந்தால் ஓர் ஊர் தப்பித்திருக்கும். இடத்தின் அதிகாரத்துக்கு இதைவிட நல்ல விதி எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?

திருவந்திபுரமா? முகூர்த்த நாளில் போய், எத்தனை கல்யாணம் என்று எண்ணிவிட்டு எழுதுங்கள். அப்புறம், வடலூரில் விறகு தள்ளுகிறவருக்கு ஆட்டத்தில் ஒரு கதாபாத்திரம் கொடுங்கள். ஓர் இரவு அவர் கண்ணயர்ந்தாரா என்று பகடை உருட்டுங்கள்.