அலாரம் ‘ஆஃப்’ என்றால் நின்றதா, அடித்ததா?

"ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை பொருள் இருந்தால் எப்படிக் கற்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்காக இப்போதுதான் சிங்கப்பூர் வந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். என் வயிற்றில் புளியைக் கரைத்தது ‘ஆஃப்’ என்ற மூன்றெழுத்துச் சொல்.

துவாஸில் ஒரு கிடங்கின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து இரண்டாவது மாதம், இரவுப் பணி. பம்பு அறை இரைச்சலில் இருந்தபோது மேற்பார்வையாளர் தொலைபேசியில், "மூன்று மணிக்கு அலாரம் வென்ட் ஆஃப்" என்றார். மின்விசிறி ஆஃப், மோட்டார் ஆஃப் என்றே பழகியவன் நான். அலாரம் நின்றுவிட்டதாம், நல்ல சேதிதானே? "தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஆற்றப் போனேன். அரை மணி நேரத்தில் அவரே காரில் வந்து இறங்கினார். அலாரம் அடித்தது என்றுதான் சொல்லியிருக்கிறார்! நல்லவேளை, புகையுணர் கருவியில் தூசிதான். தீயணைப்புக்கான 995 எண்ணை அழைக்க வேண்டியிருக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் மட்டும் என் பெயருக்கு வந்தது.

"டிப்ளமோ படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று எழுத வருகிறவர்களுக்கு: எந்த ஆசிரியரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. பிறகு நானே தேடிப் படித்தேன். உடைமையைக் குறிக்கும் ‘ஆஃவ்’ (of), இந்த ‘ஆஃப்’ (off) இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல். 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் முழுதாகப் பிரிந்தன. அடிப்படைப் பொருள் ‘விலகி’. மின்சாரம் விலகினால் விளக்கு அணைகிறது. பிடி விலகினால் துப்பாக்கி வெடிக்கிறது, அலாரம் அலறுகிறது என்று நான் நினைவில் வைத்திருக்கிறேன். பால் ‘ஆஃப்’ என்றால் திரிந்துவிட்டது. இங்குள்ளவர்கள் "ஆஃப் த லைட்" என்று அதை வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். நம் ஊர் ஆஃப்பாயில் வேறு, அது அரை. அதையும் இதில் சேர்த்துக் குழம்பாதீர்கள். இப்போதெல்லாம் நான் கூச்சப்படாமல், "அடிக்கிறதா, நின்றுவிட்டதா?" என்று கேட்டுவிடுகிறேன்.

விடுப்புக்கும் இங்கே ‘ஆஃப்’தான். இந்துப் பண்டிகைகளில் தீபாவளிக்கு மட்டும்தான் பொது விடுமுறை. தைப்பூசத்துக்கு இருந்ததை 1968இல் நீக்கிவிட்டார்கள். பொங்கலுக்கு ஒரு மாதம் முன்பே ஆஃப் கேட்டு எழுதிக் கொடுத்தும் இந்த ஆண்டு இரவுப் பணிதான் போட்டார்கள். விடிந்ததும் தேக்காவில் இரண்டு கரும்பு வாங்கிக்கொண்டு, சீருடையோடு பஸ் ஏறினேன்.