கல்மரம் படிக்க ஆசைப்படும் மகளைத் தடுக்காதீர்கள்

பள்ளிப் படிப்பை முடித்த மகள் தாவரவியலோ நிலவியலோதான் படிப்பேன் என்கிறாள். பெரியப்பாவும் மாமாவும் கடன் வாங்கியாவது கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்கில் சேர்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது என்று ஒரு பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். எங்கோ பார்த்த கல்மரத் துண்டு, அதாவது கல்லாகிப்போன பழங்கால மரத்தின் துண்டு ஒன்று, அவள் மனதைவிட்டுப் போகவில்லையாம்.

பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட எனக்கு மனமில்லை. புரோகிராம் எழுதுவதில் துளி ஆசையும் இல்லாத பிள்ளையைக் கடன் வாங்கி அந்தப் படிப்பில் தள்ளுவது தவறு. இன்று சீட்டு வாங்கச் சொல்லும் சொந்தக்காரர் யாரும் நாளை தவணை கட்ட வரமாட்டார். கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றி வேண்டிய அளவு கேட்டிருப்பீர்கள். அவள் கேட்டதைப் பார்ப்போம்.

மணலிலோ எரிமலைச் சாம்பலிலோ புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கலந்த நீர் ஊறி, செல் செல்லாக நிறைந்து அதைக் கல்லாக்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் வெறும் பாறைதான். அதை வைரப் பல் ரம்பத்தால் வில்லையாக அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புப் பொடியால் சுமார் 30 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் வரும்வரை தேய்க்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் மாதிரியே கரைந்துபோகும். இப்படி ஒரே துண்டில் குறுக்காக, ஆரத்தின் போக்கில் (மையத்திலிருந்து வெளியே), தொடுகோட்டின் போக்கில் (வளையத்தை ஒட்டி) என மூன்று வெட்டுகள் வேண்டும். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நீர் கடத்தும் சைலக்குழாய்களின் அடுக்கு, மையத்திலிருந்து வெளியே ஓடும் செல் வரிசைகளான கதிர்களின் அகலம், செல் சுவரின் குழிகள் எல்லாம் தெரியும். பெரும்பாலும் எந்தப் பேரினத்தைச் (நெருங்கிய இனங்களின் தொகுதி) சேர்ந்த மரம் என்பது வரை சொல்லிவிடலாம். வளையங்கள் தெளிவாக இருந்தால் அந்த மரம் பருவம் மாறும் காலநிலையில் வளர்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். அகன்ற இலை மரங்களுக்காக சர்வதேச மர உள்ளமைப்பியலாளர் சங்கம் 1989-ல் தொகுத்த 163 கூறுகளின் பட்டியலைத்தான் புதைபடிவ மரத்துக்கும் இன்றுவரை பயன்படுத்துகிறார்கள்.

இந்தக் கண் பழகிவிட்டால் உயிர்மரத்துக்கும் உதவும். கடத்தல் மரம் எது என்று சொல்லவும், அகழாய்வில் கிடைத்த கரி எந்த மரத்தினுடையது என்று காணவும் இதே திறமைதான் தேவை. அமெரிக்க விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தைக் கடத்தல் வழக்கில், கடத்தலுக்குப் பயன்பட்ட ஏணியின் ஒரு பலகையும் குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டுப் பரண் பலகையும் ஒரே மரத்துண்டு என்று 1935-ல் ஆர்தர் கோலர் சாட்சி சொன்னார். மரத்தைப் படிப்பதுதான் அவர் தொழில்.

சரி, செலவுக்கு வருவோம். இங்கே நான் கறாராகவே சொல்கிறேன். வேலை கிடைக்கும் இடங்கள் குறைவு: பல்கலைக்கழகங்கள், அருங்காட்சியகங்கள், நிலவியல் ஆய்வுத் துறைகள், 1946-ல் தொடங்கிய, பழங்காலத் தாவரங்களை ஆராயும் லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம் போன்றவை. முனைவர் பட்டம் இல்லாமல் உள்ளே போவது கடினம். எல்லாம் முடியப் பத்து ஆண்டு ஆகலாம். அதனால் கட்டணம் குறைந்த கல்லூரியிலேயே சேருங்கள். இளநிலையில் தாவரவியல் எடுத்தால் நிலவியலையும் துணைப்பாடமாக எடுக்கட்டும். உதவித்தொகை இல்லாத ஆய்வு இடம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புதைபடிவச் சான்றிதழ் என்று பெரும் பணம் கேட்கும் குறுகிய படிப்புகள் பக்கமே போகாதீர்கள்.

எங்கும் பணம் கட்டுவதற்கு முன், ஏதாவது ஓர் ஆய்வகத்தில் அனுமதி கேட்டு அவளைச் சில நாள் உட்கார வையுங்கள். ஒரு வில்லையை அவளே தேய்த்து முடிக்கட்டும். அந்த வேலை சலித்தால் அவளே சொல்லிவிடுவாள். சலிக்கவில்லை என்றால் பெரியப்பாவிடம் பேச வேண்டியது நீங்கள்தான், அவளல்ல.