காமிக்ஸ், மாயக்கதை: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மாயக்கதை எழுத்தாளர் டோல்கீனை 'சில்மரில்லியன்' தொடங்கிக் காலவரிசையில் படிக்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் மறைந்தபின் 1977இல் மகன் தொகுத்தது அது. புராணச் சுருக்கம் மாதிரி ஓடும், பெயர்களிலேயே மூச்சு முட்டும். 'ஹாபிட்' (1937), அப்புறம் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற மோதிரக் கதையின் மூன்று பாகங்கள் (1954-55). முதல் பாகத்தில் டாம் பாம்படில் என்ற பாத்திரம் வரும் இடம் இழுவைதான். வேகமாகத் தாண்டினாலும், கல்லறை மேட்டில் கிடைக்கும் வாளை மட்டும் மறக்காதீர்கள். மூன்றாம் பாகத்தில் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

கேள்வி: இரும்புக்கை மாயாவியை வண்ணத்தில் போட்டால் சின்னப் பிள்ளைகளும் படிப்பார்களே?

பதில்: அது 1962இல் தொடங்கிய 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழுக்காக ஹெசுஸ் பிளாஸ்கோ கறுப்பு வெள்ளையில் வரைந்தது. நிழல் முழுவதையும் மையாலேயே கட்டியிருக்கிறார். மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைய, கை மட்டும் அந்தரத்தில் நிற்கும் கட்டத்தைப் பாருங்கள்: விரல் மூட்டுகளில் வெள்ளைப் பளபளப்பு, சுற்றிலும் இழை இழையாகக் கோடுகள். அதன்மேல் கம்ப்யூட்டரில் நீலத்தை ஊற்றினால் கோடும் நிறமும் ஒரே இருட்டாகிவிடும். கை எது, சுவர் எது என்று தேட வேண்டியதுதான்.

கேள்வி: கேப்டன் டைகரையும் கறுப்பு வெள்ளையில்தானே படித்தோம்? என்ன குறைந்துவிட்டது?

பதில்: நிறைய. டைகர் என்பது பிரெஞ்சு ஓவியர் ழான் ஜிரோவின் 'ப்ளூபெர்ரி'க்குத் தமிழில் வைத்த பெயர். மூலம் வண்ண ஆல்பம். பாலைவனத்தில் எந்தப் பொழுது என்று நிறம்தான் சொல்லும். அதை எடுத்துவிட்டு அளவையும் சுருக்கினால் வசன பலூனும் சுருங்கும். நம் சொற்களோ நீளம். எழுத்தைப் பொடியாக்குவார்கள், இல்லாவிட்டால் வசனத்தில் கத்தரி விழும். டெக்ஸ் என்ற இத்தாலியக் கௌபாய் தொடருக்கு இந்தத் தொல்லை குறைவு: இத்தாலியிலேயே 16×21 செ.மீ., பக்கத்துக்கு மூன்று வரிசை, கறுப்பு வெள்ளை.

கேள்வி: வண்ணம் வேண்டாம் என்பது வெறும் கிழட்டுப் பிடிவாதம்.

பதில்: இப்போதுதானே டைகருக்கு வண்ணம் கேட்டேன்? ஓவியர் எதை மனதில் வைத்து வரைந்தாரோ அப்படிப் போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வி: பழைய ராணி காமிக்ஸ், நடுப்பக்கம் பிரிந்துவிட்டது. செல்லோடேப் ஒட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. சில வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் தாளுக்குள் ஊறி மஞ்சள் கறையாக நிற்கும். துருப்பிடித்த பின்னை உள்பக்கமாக நிமிர்த்தி எடுங்கள். மெத்தில் செல்லுலோஸ் பவுடரைத் தண்ணீரில் கொழகொழவென்று கரைத்து, ஜப்பானிய டிஷ்யூ என்ற மெல்லிய தாளின் அரை அங்குலப் பட்டையில் மெல்லத் தடவி மடிப்பில் ஒட்டுங்கள். இருபுறமும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு ராத்திரி. மைதாப் பசை வேண்டாம், அது ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

கேள்வி: ராணி காமிக்ஸ் மாயாவியும் முத்து காமிக்ஸ் மாயாவியும் ஒரே ஆளா?

பதில்: இல்லை. ராணியின் முகமூடிக்காரர் லீ ஃபால்க் 1936இல் படைத்த ஃபேண்டம். முத்துவில் வந்தவர் மேலே சொன்ன இரும்புக்கை மாயாவி. இதோடு மூன்றாவது முறை சொல்கிறேன்.

கேள்வி: பிடிஎஃப் கிடைக்குமா?

பதில்: என்னிடம் இல்லை. காசு கொடுத்து வாங்குங்கள்.

கேள்வி: மாயாவியை வண்ணத்தில்...

பதில்: மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அட்டை மட்டும்தான் கிழிந்திருக்கிறது. உள்பக்கமாக டேப் போட்டால் வெளியே தெரியாதே?

பதில்: டேப்பைக் கீழே வையுங்கள் ஐயா.